பேப்பர் இல்லாத ஜியோகேச்சிங்: போன் போதுமா, தனிக் கருவி வாங்கலாமா?

யாரோ ஒளித்து வைத்த டப்பாவை (அதற்குப் பெயர் 'கேச்'), அவர் இணையத்தில் தந்த ஆயத்தொலைவுகளை, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வைத்து, ஜிபிஎஸ் துணையோடு தேடிக் கண்டெடுப்பதுதான் ஜியோகேச்சிங் என்ற விளையாட்டு. ஒரு காலத்தில் இதற்குக் கிளம்புவது என்றால் முந்தின நாள் ராத்திரியே பிரிண்டர் முன்னால் உட்கார வேண்டும். ஒரு கேச்சுக்கு ஒரு தாள். பத்து இடம் போவதாக இருந்தால் பத்துத் தாள், விவரம் நீளமாக இருந்தால் இருபது. ஜிபிஎஸ் கருவிக்குள் இருந்ததெல்லாம் ஆயத்தொலைவுகளும், ஜிசி என்று தொடங்கும் ஒரு குறியீடும் மட்டும்தான். டப்பா என்ன அளவு, துப்பு என்ன, போன வாரம் வந்தவர் கண்டெடுத்தாரா, வெறுங்கையோடு திரும்பினாரா, இதெல்லாம் தாளில் இருக்கும். மழை பெய்தால் தாள் கூழாகிவிடும். வழியில் திட்டம் மாறி வேறு பக்கம் திரும்பினால், அந்தப் பக்கத்துக் கேச்களுக்குத் தாளே இருக்காது.

அந்தத் தாள் கட்டு முழுவதையும் கருவிக்குள் ஏற்றிக்கொண்டு போவதுதான் பேப்பர் இல்லாத ஜியோகேச்சிங். விவரம், துப்பு, கடினம் (தேடுவது எவ்வளவு கஷ்டம் என்ற மதிப்பெண்), நிலத்தன்மை (போய்ச் சேருவது எவ்வளவு கஷ்டம் என்ற மதிப்பெண்), கடைசியாக வந்தவர்களின் பதிவுகள் என எல்லாம் திரையிலேயே வந்துவிடும். கண்டுபிடித்ததையும் அங்கேயே குறித்துக்கொள்ளலாம்.

இதில் இறங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: "எந்த மாடல் வாங்கலாம்?" அதற்கு முன்னால் வேறொரு கேள்வி இருக்கிறது. கேச் விவரம் எந்த வழியாகக் கருவிக்குள் போகப் போகிறது, நீங்கள் கண்டெடுத்த கணக்கு எந்த வழியாக வெளியே வரப் போகிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் மாடல் தானாக அமைந்துவிடும். தெரியாமல் வாங்கினால், விலை உயர்ந்த கருவி கையில் இருந்தும் மறுபடி பிரிண்டரிடம்தான் போய் நிற்பீர்கள்.

போன்: தொடங்குவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை

முதல் பத்துப் பதினைந்து கேச்களுக்கு எதையும் வாங்காதீர்கள். போனில் ஜியோகேச்சிங்.காம் தளத்தை நடத்தும் நிறுவனத்தின் சொந்த ஆப் இருக்கிறது. ஆண்ட்ராய்டு என்றால் சி:ஜியோ என்ற திறமூல ஆப்பை இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். ஐபோன்காரர்கள் கேச்லி என்ற கட்டண ஆப்பைப் பலகாலமாகப் பயன்படுத்திவருகிறார்கள். இந்த ஆட்டம் நமக்கு ஒத்துவருமா, புதருக்குள் கையை விடுவதற்கு மனசு வருமா என்பதைத் தெரிந்துகொள்ள இது போதும்.

போனின் பெரிய பலம், விவரம் எப்போதும் புதிதாக இருப்பது. ஒரு கேச் நேற்று ராத்திரி முடக்கப்பட்டிருந்தால் போனுக்குத் தெரியும். நீங்கள் போன வாரம் தனிக் கருவியில் ஏற்றிய கோப்புக்குத் தெரியாது. டப்பா இல்லாமல் இடம் இடமாகப் போய்க் கேள்விக்குப் பதில் சொல்லும் அட்வென்ச்சர் லேப் என்ற வகைக்கு அதற்கென்றே உள்ள ஆப் வேண்டும் என்பதால் அங்கே போனை விட்டால் வேறு வழியில்லை. நாம் நிற்கும் இடத்தைப் பொறுத்துக் கதை நகரும் வேரிகோ வகைக்கும் இன்றைக்குப் போன்தான் வசதி.

போனைப் பற்றிப் பரவலாக ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. டவர் கிடைக்காத இடத்தில் போனின் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. செயற்கைக்கோள்களின் சிக்னல் வானத்திலிருந்து வருகிறது. அதற்கு டவர் தேவையில்லை. நெட்வொர்க் இருந்தால் முதல் முறை இடத்தைப் பிடிப்பது சீக்கிரம் நடக்கும், அவ்வளவுதான். டவர் இல்லாத இடத்தில் நின்றுபோவது வரைபடமும் கேச் விவரமும். இரண்டையும் வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது. சி:ஜியோவில் இது சுலபம்: கேச்களை ஒரு பட்டியலில் சேமித்துக்கொள்ளலாம், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தையும் ஆஃப்லைனுக்கு இறக்கலாம். நிறுவனத்தின் ஆப்பில் பட்டியலை ஆஃப்லைனுக்கு இறக்குவதற்குப் கட்டணம் கட்டும் பிரீமியம் உறுப்பினராக இருக்க வேண்டும்.

சரி, பிறகு எதற்குத் தனிக் கருவி? காலை 7 மணிக்குக் கிளம்பி அந்தி சாயும்வரை நடக்கும் நாளில் விடை தெரியும். உச்சி வெயிலில் போன் திரையைப் படிக்க வெளிச்சத்தை முழுதாகக் கூட்ட வேண்டும். கூட்டினால் பேட்டரி மளமளவென்று இறங்கும். மழைத்துளி பட்டால் தொடுதிரை தானாக எதையாவது திறக்கும், மூடும். பாறை இடுக்கில் எட்டிப் பார்க்கும்போது கைதவறி விழுந்தால், திரும்பி வர வழி பார்ப்பதும், அவசரத்துக்கு யாரையாவது கூப்பிடுவதும் அதே போனில்தான். எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இந்தக் கடைசிக் காரணம். தேடும் வேலையை வேறொரு கருவி பார்த்துக்கொண்டால், போன் முழுச் சார்ஜோடு பைக்குள் இருக்கும்.

தனிக் கருவிகளில் மூன்று ரகம்

பழைய ரகம் ஆயத்தொலைவுகளை மட்டும் வாங்கிக்கொள்ளும். யாராவது பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தால் இடத்தைச் சரியாகத்தான் காட்டும். ஆனால் பேப்பர் இல்லாமல் ஆட முடியாது. குறித்து வைத்த இடத்தின் (வழிப்புள்ளியின்) பெயரைத் தவிர அதில் எதுவும் நிற்காது. செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் ஒன்றை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: ஜிபிஎக்ஸ் கோப்பைப் (கேச் விவரமெல்லாம் அடங்கிய கோப்பு) போட்டால் கேச்சின் முழு விவரமும் திரையில் வருமா? "ஜியோகேச்சிங் வசதி உண்டு" என்று மட்டும் எழுதியிருந்தால் நம்பாதீர்கள். வரைபடத்தில் ஒரு பெட்டிப் படம் காட்டுவதையே சில பழைய கருவிகள் அப்படிச் சொல்லிக்கொண்டன.

இரண்டாவது ரகம், கணினியில் கேபிளைச் செருகிக் கோப்பைப் போடும் கருவிகள். கார்மின் நிறுவனத்தின் ஈட்ரெக்ஸ் வரிசை இதற்கு நல்ல உதாரணம். 2011இல் வந்த ஈட்ரெக்ஸ் 10 கறுப்பு வெள்ளைத் திரைதான், மெமரி கார்டு போட இடமில்லை. ஆனாலும் துப்பு, பதிவு எல்லாவற்றையும் காட்டிவிடும். அதற்கு மேலே உள்ள 20, 30, பிறகு வந்த 22எக்ஸ், 32எக்ஸ் ஆகியவற்றில் வண்ணத் திரை, மைக்ரோ எஸ்டி கார்டு, வரைபடம் ஏற்றும் வசதி மூன்றும் உண்டு. இரண்டு ஏஏ பேட்டரியில் 25 மணி நேரம் ஓடும் என்பது நிறுவனத்தின் கணக்கு. மாற்றுப் பேட்டரி இரண்டைப் பையில் போட்டுக்கொண்டால் இரண்டு நாள் கவலையில்லை.

மூன்றாவது ரகம் போனோடு ப்ளூடூத்தில் பேசி, கேச் விவரத்தை வழியிலேயே இறக்கிக்கொள்ளும். கார்மினின் ஓரிகன் 700 தொடுதிரைக் கருவி, ஜிபிஎஸ்மேப் 66 பட்டன் கருவி, 2023இல் வந்த ஈட்ரெக்ஸ் எஸ்இ எல்லாம் இந்த வகை. எஸ்இயில் வரைபடம் கிடையாது, திரையும் கறுப்பு வெள்ளைதான். ஆனால் வெயிலில் அருமையாகத் தெரியும், பேட்டரி 168 மணி நேரம் வரும் என்கிறார்கள். கணினியே இல்லாதவருக்கு இந்த ரகம் வரப்பிரசாதம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. நேரடியாக இறக்கும் வசதி போனின் இணையத்தை நம்பியிருக்கிறது. டவர் இல்லாத இடத்துக்குப் போகிறீர்கள் என்றால் அங்கே அது கைகொடுக்காது. கிளம்பும் முன்பே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

அம்பு எந்தப் பக்கம் காட்டுகிறது?

விளம்பரத் தாளில் ஒரு ஓரமாக இருக்கும் ஒரு விஷயத்தை நான் எல்லாவற்றுக்கும் முன்னால் வைப்பேன்: எலக்ட்ரானிக் திசைகாட்டி இருக்கிறதா?

ஈட்ரெக்ஸ் 10, 20, 22எக்ஸ் ஆகியவற்றில் அது இல்லை. 30, 32எக்ஸ், எஸ்இ ஆகியவற்றில் உண்டு. ஜிபிஎஸ்மேப் 65இல் இல்லை, 65எஸ்ஸில் உண்டு. இல்லாத கருவி, நீங்கள் நகரும் திசையை வைத்துத்தான் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்று கணக்குப் போடும். நடக்கும்போது அம்பு சரியாகக் காட்டும். நின்றால் தொலைந்தது.

நானே பட்டது இது. தூரம் 40 மீட்டர், 25, 12 என்று அழகாகக் குறைந்துகொண்டே வந்தது. மூன்று மரம் முக்கோணமாக நிற்கும் இடத்தில் 7 மீட்டர் என்று காட்டியதும் நின்றேன். உடம்பைத் திருப்பினேன், அம்பும் என்னோடு சேர்ந்து திரும்பியது. இடப்பக்கம் பார்த்தால் எதிரே உள்ள மரம் என்றது. வலப்பக்கம் திரும்பினால் அந்தப் பக்கத்து மரம் என்றது. எந்த மரத்தடியைக் கிளறுவது? கடைசியில் பின்னால் 30 மீட்டர் போய், நேர்கோட்டில் வேகமாக நடந்து வந்து, எந்த இடத்தில் அம்பு திரும்புகிறது என்று பார்த்தேன். பிறகு பக்கவாட்டிலிருந்து இன்னொரு முறை. இரண்டு கோடும் வெட்டிக்கொண்ட இடத்தில் நடு மரத்தின் வேர்ப் பொந்து இருந்தது. டப்பா அதற்குள்தான்.

திசைகாட்டி இல்லாத கருவியோடும் ஆடலாம், இந்த உத்தி தெரிந்தால் போதும். ஆனால் புதிதாக வருபவருக்கு இது பெரிய எரிச்சல். வண்ணத் திரைக்குச் செலவழிப்பதா, திசைகாட்டிக்குச் செலவழிப்பதா என்று வந்தால் திசைகாட்டி பக்கம்தான் நான். பேட்டரி மாற்றியபின் ஒருமுறை அதை அளவுதிருத்தம் செய்துகொள்ளுங்கள். திரையில் சொல்கிறபடி கருவியைச் சுற்றினால் போதும், ஒரு நிமிட வேலை.

துல்லியம் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். திறந்த வானத்தின் கீழ் நல்ல போனும் நல்ல கருவியும் ஏறக்குறைய ஒரே மாதிரி, சில மீட்டர் வித்தியாசத்தில்தான் காட்டும். ஒளித்து வைத்தவரின் கருவிக்கும் அதே சில மீட்டர் பிழை இருந்திருக்கும். அமெரிக்கா ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கியதால்தான் இந்த விளையாட்டே பிறந்தது. அந்த மே 3 அன்று ஓரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் பக்கத்தில் முதல் டப்பா வைக்கப்பட்டது. அதுவரை 100 மீட்டர்வரை தள்ளிக் காட்டியதைவைத்து ஒரு டப்பாவை யாரும் தேடியிருக்க முடியாது. இன்றைக்கு மீதி இருக்கும் 5 மீட்டரைக் கண்ணும் துப்பும் சேர்ந்து பார்த்துக்கொள்ளும்.

விவரம் உள்ளே போகும் வழி

இங்கேதான் பெரும்பாலானவர்கள் தடுமாறுகிறார்கள். இரண்டு வகைக் கோப்புகள் உண்டு. எல்ஓசி கோப்பில் ஆயத்தொலைவு, பெயர் போன்ற அடிப்படைத் தகவல்கள் மட்டும் இருக்கும். ஜிபிஎக்ஸ் கோப்பில் விவரம், துப்பு, அளவு, கடினம், நிலத்தன்மை, அண்மைப் பதிவுகள் எல்லாம் இருக்கும். பேப்பர் இல்லாமல் ஆட வேண்டும் என்றால் ஜிபிஎக்ஸ்தான். எல்ஓசியை ஏற்றிவிட்டு "என் கருவியில் விவரமே வரவில்லை" என்று கருவியைக் குறை சொல்பவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஜியோகேச்சிங்.காம் தளத்தில் ஜிபிஎக்ஸ் கோப்பு பிரீமியம் உறுப்பினர்களுக்கு உரியது. அவர்களுக்குப் பாக்கெட் குவரி என்ற வசதியும் உண்டு. இந்த ஊரைச் சுற்றி, நான் இன்னும் கண்டெடுக்காதவை, கடினம் 3க்குக் குறைவானவை, முடக்கப்படாதவை என்று நிபந்தனை போட்டால், 1000 கேச்கள்வரை ஒரே கோப்பாகக் கட்டித் தரும். ஒவ்வொன்றோடும் கடைசி 5 பதிவுகள் சேர்ந்து வரும். அந்த ஐந்து பதிவுகள்தான் எனக்கு உயிர். ஐந்தும் "கிடைக்கவில்லை" என்றால் அங்கே நடக்கவே மாட்டேன்.

உறுப்பினர் கட்டணம் கட்டாமல் பார்க்க வேண்டுமா? ஐரோப்பாவில் சில நாடுகளில் ஓப்பன்கேச்சிங் தளங்கள் இருக்கின்றன, அங்கே ஜிபிஎக்ஸ் இலவசம். ஆனால் அங்கே பதிவான கேச்கள் மட்டுமே கிடைக்கும். சி:ஜியோவில் நீங்கள் சேமித்த பட்டியலையும் ஜிபிஎக்ஸாக ஏற்றுமதி செய்யலாம், அதை அப்படியே கருவியில் போடலாம். பத்திருபது கேச்களுக்கு இது தாராளம். வாராவாரம் போகிறவருக்குப் பாக்கெட் குவரி தரும் நிம்மதி இதில் வராது.

என் கணக்கில், தனிக் கருவி வாங்குவது என்று முடிவெடுத்தால் பிரீமியம் கட்டணத்தையும் சேர்த்தே செலவாக எண்ண வேண்டும். கருவியை வாங்கிவிட்டு இதைத் தவிர்ப்பது, அடுப்பு வாங்கிவிட்டு கேஸ் வாங்காததற்குச் சமம்.

கோப்பைப் போடுவதில் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. பாக்கெட் குவரி ஜிப் கோப்பாக வரும். அப்படியே கருவியில் போட்டால் ஒன்றும் தெரியாது. பிரித்து, உள்ளே இருப்பதைக் கார்மின் ஃபோல்டருக்குள் இருக்கும் ஜிபிஎக்ஸ் ஃபோல்டரில் போட வேண்டும். பிரித்தால் ஒன்றல்ல, இரண்டு கோப்பு இருக்கும். ஒன்று கேச்களுக்கு, பெயரின் கடைசியில் டபிள்யூபிடிஎஸ் என்று முடியும் மற்றது, வண்டி நிறுத்தும் இடம், பாதை தொடங்கும் இடம், பல கட்டக் கேச்சின் அடுத்தடுத்த நிலைகள் ஆகியவற்றுக்கு. நான் ஒருமுறை பெரிய கோப்பை மட்டும் போட்டுவிட்டு ஒரு பல கட்டக் கேச்சுக்குப் போனேன். கருவி காட்டிய நேர்கோட்டில் போனால் இடையே ஓடை. பாலம் எங்கே இருக்கிறது என்பது நான் விட்டுவிட்டு வந்த அந்தச் சின்னக் கோப்பில் இருந்தது. சுற்றி நடந்ததில் ஒரு மணி நேரம் போனது.

பல கோப்புகளை ஒன்றாக்க வேண்டும், கண்டெடுத்தவற்றைக் கழிக்க வேண்டும் என்ற நிலை வந்தால் விண்டோஸ் கணினியில் ஜிசாக் என்ற மென்பொருள் இருக்கிறது. முதல் சில மாதங்களுக்கு அது தேவையே இல்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கணக்கு வெளியே வரும் வழி

டப்பாவுக்குள் இருக்கும் பதிவேட்டில் பேனாவால் பெயர் எழுதியே ஆக வேண்டும், அந்தக் காகிதம் மட்டும் என்றும் மாறாது. ஆனால் எந்தக் கேச்சை எத்தனை மணிக்குக் கண்டோம் என்று தனியாகக் குறித்து வைக்க வேண்டியதில்லை. கருவியில் "கண்டேன்", "கிடைக்கவில்லை" என்று அழுத்திவிட்டு இரண்டு வார்த்தை தட்டலாம். வீட்டுக்கு வந்ததும் கருவிக்குள் இருக்கும் 'ஜியோகேச் விசிட்ஸ்' என்ற எழுத்துக் கோப்பைத் தளத்தின் வரைவுப் பகுதியில் ஏற்றினால், அன்றைய கேச்கள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொன்றாகத் திறந்து நிதானமாக எழுதலாம்.

இது சின்ன வசதி மாதிரித் தெரியும். எனக்கு அப்படியில்லை. ஒளித்து வைத்தவர் நம் பதிவுக்காகத்தான் காத்திருக்கிறார். காட்டில் நின்றுகொண்டு போனில் அவசரமாக எழுதினால் "நன்றி" என்பதற்கு மேல் வராது. வீட்டில் உட்கார்ந்து எழுதினால், பொந்துக்கு முன்னால் பார்த்த பாம்புச் சட்டையைப் பற்றியும், டப்பாவின் மூடி விரிசல் விட்டிருப்பதைப் பற்றியும் எழுதத் தோன்றும். அந்த விரிசலைப் பற்றி எழுதினால்தான் அடுத்த மழைக்கு முன்னால் அவர் வந்து மாற்றுவார்.

யாருக்கு எது?

மாதத்துக்கு ஒருமுறை, டவர் உள்ள இடங்களில், மதியம்வரை மட்டும் என்றால் போனே போதும். தனிக் கருவி மேசை இழுப்பறையில் தூங்கும்.

நாள் முழுவதும் நடப்பவர், குழந்தைகளோடு போகிறவர், டவர் இல்லாத இடங்களை விரும்புகிறவர் என்றால், திசைகாட்டியோடு கூடிய பட்டன் கருவி. குழந்தைகள் கையில் கொடுக்க என்னைப் பொறுத்தவரை ஈட்ரெக்ஸ் மாதிரி உருண்டைக் கருவிக்கு நிகரில்லை. கீழே விழுந்தாலும் எடுத்துத் துடைத்துவிட்டு நடக்கலாம். துப்பைப் படிக்கக் குச்சி மாதிரி உள்ள அந்த ஒரு பட்டனை அசைத்தால் போதும், இரண்டாவது கேச்சிலேயே அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

தொடுதிரைக் கருவி, நீண்ட விவரங்களையும் புதிர்களையும் வழியிலேயே படிப்பவருக்கு நல்லது. குளிரில் கையுறை போட்டு நடப்பவருக்குப் பட்டன்தான் நல்லது. மலைப் பள்ளத்தாக்கு, உயரக் கட்டடங்கள் நடுவே அதிகம் தேடுபவர் மட்டும் ஜிபிஎஸ்மேப் 65எஸ் மாதிரி ஒன்றுக்கு மேற்பட்ட அலைவரிசையை வாங்கும் கருவியைப் பார்க்கலாம். சிக்னல் சுவரில் மோதித் திரும்பி வரும் இடங்களில் வித்தியாசம் தெரியும்.

நான் இப்போது வைத்திருப்பது இரண்டும் சேர்ந்த ஏற்பாடு. கையில் பட்டன் கருவி, பையில் போன். கருவியில் அந்த வாரத்து ஜிபிஎக்ஸ். போனில் அதே பட்டியல் ஆஃப்லைனாக. ஒன்று கைவிட்டால் மற்றது.

வாங்கிய அன்றைக்கே அமைப்புப் பக்கத்தில் இரண்டைச் சரிபாருங்கள். பேட்டரி வகையில், ரீசார்ஜ் பேட்டரி போட்டிருந்தால் என்ஐஎம்ஹெச் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் பேட்டரி அளவைத் தப்பாகக் காட்டும். இட வடிவத்தில், பாகையும் தசம நிமிடமும் என்று இருக்க வேண்டும். கேச் பக்கங்களில் ஆயத்தொலைவு அப்படித்தான் வரும்: 30.500 நிமிடம் என்பது போல. கருவி பாகை, நிமிடம், விநாடி என்ற அமைப்பில் இருந்து, நீங்கள் அதையே 30 நிமிடம் 50 விநாடி என்று போட்டால் 600 மீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும். சரியான வடிவத்தில் போட்டால் மூன்றாவது தசம இலக்கம் ஒன்று மாறினாலும், வடக்கு தெற்காக இரண்டு மீட்டருக்கும் குறைவுதான்.

அப்புறம், முதல் முறை கோப்பை ஏற்றியதும் கேபிளைக் கழற்றுங்கள். கணினியை மூடிவிட்டு, போனை விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு, கருவியில் ஏதாவது ஒரு கேச்சைத் திறந்து பாருங்கள். விவரம் முழுவதும் வருகிறதா, துப்பு திறக்கிறதா, பதிவு ஐந்தும் இருக்கிறதா, வண்டி நிறுத்தும் இடம் வரைபடத்தில் தெரிகிறதா? நான்கும் சரி என்றால் ஒரு பேனாவை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.